குதிரையின் குளம்புக் கோளாறுகளும் லாடம் அடிப்பவரின் வைத்தியமும்: கொங்குப் பகுதிக் குதிரைக்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஐப்பசி மழை ஓய்ந்த ஒரு விடியலில் எங்கள் செவலைக் குதிரை மூன்று காலில் நின்றுகொண்டிருந்தது. இடது முன்னங்காலை ஊன்றவே இல்லை. குளம்பின் நுனி மட்டும் மண்ணைத் தொட்டும் தொடாமலும் இருந்தது. முந்தின நாள் பொழுதோடு நன்றாக மேய்ந்துவிட்டு வந்த குதிரை. கால் ஒடிந்துவிட்டது என்றே நினைத்தேன். லாடம் அடிக்கும் அண்ணனுக்குப் போன் செய்தேன். ஒரு மணி நேரத்தில் வந்துவிட்டார்.

"ஏனுங்கண்ணா, எலும்பு ஒடிஞ்சு போச்சுங்களா?"

அவர் பதில் சொல்லாமல் குனிந்து, கணுக்கால் மூட்டுக்குப் பின்னால் இரண்டு விரலை வைத்து அழுத்திப் பார்த்தார். அப்புறம் உள்ளங்கையைக் குளம்பின் மேல் வைத்தார். "எலும்பெல்லாம் ஒண்ணும் ஆகலீங்க. நாடி திடுதிடுன்னு அடிக்குது, குளம்பு கொதிக்குது. உள்ளார சீழ் கட்டியிருக்குதுங்க" என்றார்.

குளம்பைக் கழுவி, அடிப்பகுதியை மெல்லச் சீவினார். ஓரத்தில் கடுகு அளவுக்கு ஒரு கரும்புள்ளி தெரிந்தது. வளைந்த கத்தியின் முனையால் அந்தப் புள்ளியைப் பின்பற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போனார். கால் விரல்கடை ஆழம் போனதும் சாம்பல் நிறத்தில் தண்ணீர் மாதிரி சீழ் பீறிட்டு வந்தது. அந்த நாற்றம் இன்னும் மறக்கவில்லை. அரை மணி நேரத்தில் குதிரை அந்தக் காலை ஊன்றியது.

கிளம்பும்போது அவர் கேட்டார்: "கடைசியா எப்பங்க குளம்பத் தூக்கிப் பாத்தீங்க?" என்னிடம் பதில் இல்லை. லாடம் அடித்துப் பத்து வாரம் தாண்டியிருந்தது. மழைச் சேற்றில் நின்ற குதிரையின் காலை ஒரு நாள்கூட நான் தூக்கிப் பார்க்கவில்லை.

குளம்புக் கோளாறுகளில் பெரும்பாலானவை குதிரை நொண்டுவதற்குப் பல நாள் முன்பே அடையாளம் காட்டிவிடுகின்றன. நாம்தான் பார்ப்பதில்லை. எதைப் பார்க்க வேண்டும், எப்போது யாரைக் கூப்பிட வேண்டும், வருகிறவர் செய்யும் வேலை சரிதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது என்பதை இங்கே எழுதுகிறேன்.

குளம்பைப் பற்றிக் கொஞ்சம்

வெளியே தெரியும் கெட்டியான ஓடு குளம்புச் சுவர். நம் நகம் மாதிரிதான். மேலே மயிரும் குளம்பும் சேரும் கோட்டிலிருந்து கீழ்நோக்கி வளரும். மாதத்துக்கு 6 முதல் 10 மில்லிமீட்டர் வரை வளர்ச்சி இருக்கும். ஆகவே முன்பக்கச் சுவர் முழுதாகப் புதிதாக வளர்ந்து இறங்கக் கிட்டத்தட்ட ஒரு வருஷம் ஆகும். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். குளம்பு வைத்தியம் எல்லாமே ஏன் மாதக்கணக்கில் இழுக்கிறது என்பது இதிலிருந்து புரியும்.

காலைத் தூக்கிப் பார்த்தால் அடியில் குழிந்த தட்டு போல இருப்பது உள்ளங்குளம்பு. அதன் பின்பாதியில் ஈட்டிமுனை வடிவத்தில், ரப்பர் மாதிரி லேசாக அமுங்கும் பகுதிக்கு ஃப்ராக் என்று பெயர். கால்நடை மருத்துவரும் அப்படித்தான் சொல்வார். அதன் இரண்டு பக்கமும் பள்ளம் ஓடும். சுவரும் உள்ளங்குளம்பும் சேரும் இடத்தில் மங்கலான மஞ்சள் நிறத்தில் ஒரு கோடு தெரியும். பெயர் வெள்ளைக் கோடு. லாட ஆணி இந்தக் கோட்டுக்கு வெளியே, உயிரில்லாத சுவருக்குள் மட்டுமே போக வேண்டும். கோட்டுக்கு உள்பக்கம் ரத்தமும் நரம்பும் இருக்கின்றன. அவற்றுக்கு உள்ளே குளம்பின் வடிவத்திலேயே ஒரு எலும்பு. அந்த எலும்பைச் சுவரோடு சேர்த்துப் பிடித்திருப்பவை நூற்றுக்கணக்கான மெல்லிய மடிப்புகள். அவை விட்டுப்போனால் என்ன ஆகும் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

தினமும் ஐந்து நிமிஷம்

வெடியால தீவனம் வைப்பதற்கு முன்பு செய்வது நல்லது. குதிரையை ஈரமில்லாத, சமமான தரையில் நிறுத்துங்கள். தோளிலிருந்து கையைக் கீழே தடவிக்கொண்டே வந்து, கணுக்காலுக்கு மேலே மெல்ல அழுத்தினால் பழகிய குதிரை தானே காலைத் தரும். பழகாத குதிரையிடம் அவசரப்படக் கூடாது. முதல் வாரம் தூக்கி உடனே கீழே வைத்தால் போதும்.

குளம்பு சுரண்டியால் பின்பக்கத்திலிருந்து முன்பக்கமாக அழுக்கை எடுங்கள். முன்பக்கத்திலிருந்து இழுத்தால் ஃப்ராக்கில் குத்திவிடும். இரண்டு பக்கப் பள்ளத்தையும், ஃப்ராக்கின் நடுவில் உள்ள பிளவையும் விடாதீர்கள். நம் கொறங்காடுகளில் மேய்கிற குதிரைக்கு வெள்வேல முள்ளும் சீமைக் கருவேல முள்ளும் பெரிய ஆபத்து. முள் உள்ளே ஒடிந்து, வெளியே ஒரு புள்ளி மட்டும் தெரியும். இருபுறமும் வேலி ஓடும் இட்டேரியில் நடந்து வந்த குதிரை என்றால் கட்டாயம் பாருங்கள். செம்மண் பூமியில் சுக்கான்கல்லும் பள்ளத்தில் மாட்டிக்கொள்ளும்.

அடுத்து மூக்கை வைத்து வேலை. ஆரோக்கியமான குளம்பில் மண் வாசனையும் லத்தி வாசனையும்தான் வரும். அழுகிய நாற்றம் அடித்தால் கோளாறு தொடங்கிவிட்டது.

அப்புறம் நான்கு குளம்பையும் உள்ளங்கையால் தொட்டுப் பாருங்கள். மூன்று குளிர்ந்து ஒன்று மட்டும் சுட்டால் அதுதான் செய்தி. வெயிலில் நின்ற குதிரைக்கு நான்குமே சுடும், அதனால் காலையில் பார்ப்பதே சரி. கணுக்கால் மூட்டுக்குப் பின்பக்கம் உள்புறமும் வெளிப்புறமும் நரம்பு போல ஓடும் கற்றையில் விரலை வைத்தால் நாடி தெரியும். நல்ல நிலையில் அது கண்டுபிடிக்கவே சிரமமாக, மெல்லியதாக இருக்கும். விரலை வைத்ததும் எகிறி அடித்தால் குளம்புக்குள் வீக்கம் இருக்கிறது. இதைக் குதிரை நன்றாக இருக்கும் நாட்களிலேயே பழகிக்கொள்ளுங்கள். கோளாறு வந்த அன்று முதன்முதலாகத் தேடினால் எது மெல்லியது, எது பலமானது என்று தெரியாது.

கடைசியாக லாடத்தைக் கையால் அசைத்துப் பாருங்கள். சுவரின் வெளிப்பக்கம் மடக்கி விட்ட ஆணி முனைகள் மேலெழும்பி இருந்தாலோ, கைக்குச் சுருக்கென்று பட்டாலோ லாடம் தளர்ந்துவிட்டது.

லாடம் அடிக்கிற நாள்: அவர் என்ன செய்ய வேண்டும்

ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒரு முறை. லாடம் தேயவில்லையே என்று நாள் தள்ளக் கூடாது. தேய்வது லாடம்தான், ஆனால் வளர்வது குளம்பு. வளர்ந்த குளம்பு லாடத்தையும் சேர்த்து முன்னால் தள்ளிக்கொண்டு போகும். காலின் பாரம் பின்பக்கம் சாயும். பழைய லாடம் கெட்டியாக இருந்தால் குளம்பைச் சீவிவிட்டு அதையே திரும்ப அடிக்கலாம். லாடமே இல்லாத குதிரைக்கும் சீவும் வேலை உண்டு.

நம் பக்கம் வண்டி மாட்டுக்கு லாடம் அடிப்பவர்களே குதிரைக்கும் அடிக்கிறார்கள். மாட்டுக் குளம்பு பிளவுபட்டது, ஒரு காலுக்கு இரண்டு தகடு. மாட்டைக் கயிறு போட்டுச் சாய்த்துத்தான் அடிப்பார்கள். குதிரைக்கு நின்ற நிலையில்தான் அடிக்க வேண்டும், சாய்க்கக் கூடாது. மாட்டுக்கு லாடம் அடிக்கும் கைத்திறமை குதிரைக்கும் உதவும் என்பது உண்மை. ஆனால் குதிரை நடக்கும் விதத்தைப் பார்த்து லாடம் அமைக்கத் தெரிந்தவரா என்று விசாரித்துக் கூப்பிடுங்கள்.

நல்ல லாடக்காரர் வந்ததும் கருவியை எடுக்க மாட்டார். முதலில் குதிரையைக் கெட்டியான தரையில் நேராக நடக்கவிட்டுப் பார்ப்பார். குளம்பின் எந்தப் பகுதி முதலில் தரையில் படுகிறது என்று கவனிப்பார். குளம்பின் எந்தப் பக்கம் அதிகம் தேய்ந்திருக்கிறது என்று பழைய லாடத்தைப் புரட்டிப் பார்ப்பார். இந்த இரண்டையும் செய்யாமல் சுத்தியை எடுப்பவரிடம் நான் குதிரையைக் கொடுப்பதில்லை.

பிறகு மடக்கிய ஆணி முனைகளை உளி வைத்து நிமிர்த்தி, குறடால் லாடத்தைப் பின்பக்கத்திலிருந்து கழற்றுவார். மடக்கை நிமிர்த்தாமல் பிடுங்கினால் சுவரும் சேர்ந்து பிய்ந்து வரும். அடுத்து உள்ளங்குளம்பில் உதிரத் தயாராக இருக்கும் செத்த தோலை மட்டும் சீவ வேண்டும். பளபளவென்று தெரிய வேண்டும் என்பதற்காக ஆழமாகச் சீவினால், நம் சுக்கான்கல் தரையில் அந்தக் குதிரை ஒரு வாரத்துக்கு ஊன்றி நடக்காது. ஃப்ராக்கிலும் தொங்குகிற செத்த பகுதியை எடுத்தால் போதும்.

நீண்ட சுவரை வெட்டி, அரத்தால் சமப்படுத்துவார். பக்கவாட்டில் நின்று பாருங்கள்: கணுக்காலுக்குக் கீழே வரும் சாய்வும் குளம்பின் முன்சுவரின் சாய்வும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். அந்தக் கோடு குளம்பில் முறிந்து தெரிந்தால் இன்னும் வேலை பாக்கி.

லாடத்தைக் குளம்புக்குத் தக்கபடி வளைக்க வேண்டும். கையில் இருக்கும் லாடம் சிறியது என்பதற்காகக் குளம்பைச் சுற்றி அரத்தால் தேய்த்துப் பொருத்துவது செருப்புக்காகக் காலை வெட்டுகிற வேலை. அப்படி இரண்டு மூன்று முறை அடித்தால் குளம்பின் பின்பக்கம் சுருங்கிப் போகும். லாடத்தின் பின்முனைகள் குதிப்பகுதியை முழுதும் தாங்குகின்றனவா என்றும் பாருங்கள்.

ஆணி விஷயத்துக்கு வருவோம். குதிரை லாட ஆணியின் முனையில் ஒரு பக்கம் மட்டும் சாய்வாகச் சீவியிருக்கும். அந்தச் சாய்வுப் பக்கம் ஃப்ராக்கைப் பார்த்து உள்நோக்கி இருக்க வேண்டும். அப்போதுதான் ஆணி உள்ளே போகப் போக வெளிப்பக்கமாக வளைந்து சுவரைத் துளைத்து வெளிவரும். திருப்பி அடித்தால் உயிருள்ள பகுதிக்குள் போய்விடும். பக்கத்துக்கு மூன்று அல்லது நான்கு ஆணி போதும். குளம்பின் மிக அகலமான இடத்துக்குப் பின்னால் ஆணி அடிக்கக் கூடாது. பின்பகுதி ஒவ்வொரு அடியிலும் விரிந்து சுருங்க வேண்டிய இடம்.

ஆணி சரியாகப் போகும்போது ஒவ்வொரு அடிக்கும் சத்தம் கணீரென்று கெட்டியாகிக்கொண்டே வரும். சத்தம் மந்தமாகி, ஆணி வெண்ணெயில் போவது போலப் போனால் நல்ல லாடக்காரர் உடனே நிறுத்திப் பிடுங்கிவிடுவார். வெளியே வந்த முனைகள் தரையிலிருந்து கிட்டத்தட்ட இரண்டு சென்டிமீட்டர் உயரத்தில் ஒரே வரிசையில் இருந்தால் அழகு. ஒன்று மேலே, ஒன்று கீழே என்று இருந்தால் பிடிப்பு சரியில்லை.

ஆணிக் குத்து

இது எங்கள் குதிரைக்கு ஒரு முறை நடந்தது. அவசரத்துக்கு வெளியூரிலிருந்து வந்த ஒருவர் அடித்தார். ஒரு ஆணியில் குதிரை வெடுக்கென்று காலை இழுத்தது. "பழக்கமில்லாத குதிரை" என்று சொல்லி அதே துளையில் மறுபடி அடித்துவிட்டுப் போனார். நானும் விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் நொண்டியது.

அடிக்கும்போதே குதிரை காலை இழுத்தால் அந்த ஆணியை எடுத்துவிட்டுத் துளையைப் பாருங்கள். எடுத்த ஆணியில் ரத்தமோ ஈரமோ இருந்தால் அந்தத் துளையில் பொவிடோன் அயோடின் என்ற கிருமிநாசினியை விட்டு, அங்கே ஆணி இல்லாமலே விட வேண்டும். கால்நடை மருத்துவரிடம் டெட்டனஸ் ஊசி பற்றிக் கேளுங்கள். மற்ற கால்நடைகளைவிடக் குதிரைக்கு டெட்டனஸ் எளிதில் தொற்றும், வந்தால் பிழைப்பது அரிது. வருஷா வருஷம் தடுப்பூசி போட்டு வைப்பதுதான் சரி.

இன்னொரு வகையில் ஆணி உயிருள்ள பகுதியைத் தொடாது, ஆனால் நெருங்கி அழுத்தும். அடித்த அன்று ஒன்றும் தெரியாது. இரண்டு மூன்று நாளில் குதிரை காலை மாற்றி மாற்றி வைக்கும். லாடக்காரர் ஒவ்வொரு ஆணித்தலையையும் சுத்தியால் மெல்லத் தட்டிப் பார்த்து, எதில் குதிரை சுளிக்கிறதோ அதைப் பிடுங்குவார். பெரும்பாலும் அதோடு சரியாகிவிடும்.

குளம்புக்குள் சீழ்

முதலில் சொன்ன கதை இதுதான். நம் ஊரில் இது ஐப்பசி, கார்த்திகையில் அதிகம். சித்திரை வெயிலில் காய்ந்து வெடித்த குளம்பு, மழையில் ஊறி மெதுவாகும்போது வெள்ளைக் கோட்டின் விரிசல் வழியாகச் சேறும் கிருமியும் உள்ளே போகின்றன. குளம்புச் சுவர் விரியாது. உள்ளே சேரும் சீழுக்குப் போக இடமில்லாமல் அழுத்தம் கூடும். ஒரே இரவில் ஊன்ற முடியாத வலி வருவது அதனால்தான்.

லாடக்காரர் ஹூஃப் டெஸ்டர் என்ற நீண்ட கைப்பிடி இடுக்கியால் குளம்பைச் சுற்றி ஒவ்வொரு இடமாக அழுத்திப் பார்ப்பார். குதிரை காலை உதறும் இடத்தில் தேடுவார். கரும்புள்ளியோ கரிய கோடோ தெரிந்தால் அதன் வழியே மட்டும் போவார். சீழ் வடியும் அளவுக்குச் சிறு துளை போதும். ரத்தம் வரும்வரை குடைவதும், உள்ளங்குளம்பில் பெரிய ஓட்டை போடுவதும் தப்பு. அந்த ஓட்டையில் உள்ளே இருக்கும் சதை பிதுங்கி வந்தால் ஆற மாதக்கணக்கில் ஆகும். துளை எங்கே என்று தெரியாவிட்டால் அன்று வெட்டாமல், பற்றுப் போட்டு மறுநாள் பார்ப்பதே நல்லது.

வீட்டில் நாம் செய்ய வேண்டியது:

ஒரு அகலமான ரப்பர் சட்டியில் கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர் ஊற்றி, லிட்டருக்கு ஒரு கைப்பிடி எப்சம் உப்பு போட்டு, கால் மணியிலிருந்து இருபது நிமிஷம் குளம்பை ஊற வையுங்கள். துடைத்துவிட்டு, கோதுமைத் தவிட்டை வெந்நீரும் எப்சம் உப்பும் விட்டுப் பிசைந்து அடியில் அப்புங்கள். அதன் மேல் குழந்தைகளுக்குக் கட்டும் டயப்பர் ஒன்றை விரித்துக் கட்டி, அகலமான டேப்பைக் குளம்பைச் சுற்றி ஒட்டுங்கள். குளம்புக்கு டயப்பர் அளவெடுத்துச் செய்தது போல உட்காரும். டேப் மயிர் இருக்கும் இடத்துக்கு மேலே ஏறி இறுக்கக் கூடாது. தினமும் மாற்றுங்கள். சீழ் நின்றதும் ஈரமாக ஊற வைப்பதை நிறுத்திவிட்டு, அயோடின் நனைத்த பஞ்சை வைத்து உலரவிட்டுக் கட்டுங்கள். வலி முழுதும் போன பிறகே லாடம்.

திறக்காமலே விட்டால் சீழ் சுவரின் உள்பக்கமாக மேலேறி மயிர்க்கோட்டில் உடைத்துக்கொண்டு வரும். அப்படி உடைந்த இடம் பிறகு குறுக்குப் பிளவாகத் தெரிந்து, மாதக்கணக்கில் மெல்லக் கீழிறங்கும். சீழ் வெளியேறி இரண்டு மூன்று நாளாகியும் நொண்டல் குறையாவிட்டால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். கொங்கில் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி பக்கத்தில் இருப்பது நமக்கு வசதி.

ஆணி, முள் குத்தினால்

ரோட்டில் கிடந்த ஆணி குளம்பில் ஏறி நிற்பதைப் பார்த்ததும் கை அதைப் பிடுங்கத்தான் போகும். பிடுங்காதீர்கள். மருத்துவர் சீக்கிரம் வர முடியும் என்றால் ஆணியோடு எக்ஸ்ரே எடுத்தால்தான் எந்த ஆழம், எந்தத் திசை என்று தெரியும். ஃப்ராக்கின் நடுப்பகுதிக்கு மேலே ஒரு சிறிய எலும்பும், அதைச் சார்ந்த நீர்ப்பையும், முக்கியத் தசைநாணும் இருக்கின்றன. ஆணி அங்கே எட்டியிருந்தால் மணிக்கணக்கில் முடிவு எடுக்க வேண்டும். குதிரை ஊன்றி ஊன்றி ஆணியை இன்னும் உள்ளே ஏற்றிவிடும் நிலைமை என்றால் மட்டும் போனில் படம் எடுத்து, குத்திய இடத்தை மையால் வட்டமிட்டு, ஆணி எவ்வளவு தூரம் போயிருந்தது என்று குறித்துவிட்டுப் பிடுங்குங்கள். பிடுங்கியதும் நொண்டல் நின்றுவிட்டதே என்று மருத்துவரைக் கூப்பிடாமல் விடக் கூடாது.

ஃப்ராக் அழுகல்

கறுத்த, வழவழப்பான கசிவு, மூக்கைப் பொத்த வைக்கும் நாற்றம். மூத்திரமும் லத்தியும் ஊறிய கட்டுத்தரையில் நிற்கும் குதிரைக்கு வரும். காற்றில்லாத ஈர இடத்தில் வாழும் கிருமிகளின் வேலை. லாடக்காரர் அழுகிய ஓரங்களைச் சீவிப் பள்ளத்தைக் காற்றுப் படும்படி திறந்துவிடுவார். பிறகு நீங்கள் தினமும் தேய்த்துச் சுத்தம் செய்து, உலரவிட்டு, பொவிடோன் அயோடினில் நனைத்த பஞ்சைப் பள்ளத்தில் செருகி வாருங்கள். மயில்துத்தக் கரைசலும் கேட்கும். ஆனால் அது புண்ணான சதையில் பட்டால் அரிக்கும், ரத்தம் தெரியும் இடத்தில் வேண்டாம். கழிவு இன்ஜின் ஆயிலைப் பூசும் வழக்கம் நம் பக்கம் இருக்கிறது. தயவுசெய்து விட்டுவிடுங்கள். அது கிருமியை உள்ளே வைத்து மூடுவதோடு தோலையும் பொசுக்கும். தரை காயாமல் எந்த மருந்தும் நிற்காது. பொள்ளாச்சிப் பக்கம் மலிவாகக் கிடைக்கும் தென்னை நார்க்கழிவை நன்றாகக் காயவைத்துப் பரப்பினால் ஈரத்தை உறிஞ்சும். நனைந்ததை அன்றன்றே அள்ளிவிட வேண்டும்.

வெடிப்பும் பொள்ளலும்

வெடிப்பு கீழிருந்து மேலே போகிறதா, மயிர்க்கோட்டிலிருந்து கீழே வருகிறதா என்பதை முதலில் பாருங்கள். கீழிருந்து போவது பெரும்பாலும் நாள் தள்ளிய குளம்பில் சுவர் விரிந்து பிளப்பது. விரிந்த பகுதியை அரத்தால் எடுத்துவிட்டு, முறையாகச் சீவி வந்தாலே வளர்ந்து வெளியேறிவிடும். மேலிருந்து வருவது ஆழமானது. நடக்கும்போது வெடிப்பின் இரண்டு விளிம்பும் அசைந்தால், ரத்தம் கசிந்தால், மருத்துவரும் லாடக்காரரும் சேர்ந்து பார்க்க வேண்டியது. வெடிப்புக்கு நேர்க்கீழே சுவரைக் கொஞ்சம் தேய்த்து, அந்த இடத்தில் பாரம் விழாமல் செய்வார். பின்பக்கம் திறந்திராமல் குறுக்குப் பட்டையால் மூடிய லாடம் போட்டுப் பாரத்தைப் பங்கிடுவார். வெடிப்பின் இரண்டு பக்கமும் லாடத்திலேயே சிறு நாக்குகள் எழுப்பிச் சுவரைப் பிடித்து நிறுத்துவதும் உண்டு. உள்ளே ஈரமும் அழுக்கும் இருக்கும்போது மேலே பசை போட்டு அடைப்பது சீழுக்கு வீடு கட்டிக் கொடுப்பது.

குளம்புச் சுவரைச் சுத்தியால் தட்டும்போது ஒரு இடத்தில் மட்டும் பொள்ளலான சத்தம் கேட்டால், வெள்ளைக் கோட்டில் சாம்பல் நிறத்தில் உதிரும் பொடி இருக்கிறதா என்று பாருங்கள். கிருமியும் பூஞ்சையும் சுவருக்குள் மேலேறி அரித்திருக்கும். மூடி வைத்து மருந்து போட்டால் தீராது. பொள்ளலாகிப் போன சுவர்ப் பகுதியை மேலே நல்ல இடம் வரும்வரை வெட்டித் திறக்க வேண்டும். பார்க்கப் பயமாக இருக்கும். ஆனால் காற்றும் வெளிச்சமும் பட்டால்தான் அந்தக் கிருமிகள் அடங்கும். வெட்டிய இடம் வளர்ந்து மூடும் வரை மாதாமாதம் கவனிக்க வேண்டும்.

முனை நீண்டு குதி தாழ்ந்த குளம்பு பலருக்குக் கோளாறாகவே தெரிவதில்லை. காலின் பின்புறத் தசைநாண் தினமும் இழுபடுகிற நிலை அது. ஒரே நாளில் வெட்டிச் சரிசெய்யச் சொல்லி லாடக்காரரை நெருக்காதீர்கள். நாலைந்து வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக முனையைப் பின்வாங்க வைப்பதுதான் முறை.

லேமினைட்டிஸ்: இதற்கு மட்டும் காத்திருக்காதீர்கள்

எலும்பைச் சுவரோடு பிடித்திருக்கும் மெல்லிய மடிப்புகளைப் பற்றி முன்பு சொன்னேன். அவை வீங்கிப் பிடிப்பை விடுவதுதான் லேமினைட்டிஸ். பிடிப்பு விட்டால், 350 கிலோ உடம்பின் பாரத்தில் எலும்பு குளம்புக்குள்ளேயே கீழ்நோக்கித் திரும்பும் அல்லது இறங்கும். எலும்பு உள்ளங்குளம்பைத் துளைத்து வெளியே வந்த குதிரையை ஒருமுறை பார்த்திருக்கிறேன். அதற்குமேல் அதைப் பற்றி எழுத மனம் வரவில்லை.

குதிரை முன்னங்கால்களை முன்னால் நீட்டி, பாரத்தைப் பின்னங்காலில் போட்டுச் சாய்ந்து நிற்கும். திருப்பினால் முள்மேல் நடப்பது போல வைக்கும். இரண்டு முன்குளம்பும் சுடும், நாடி எகிறும். சீழ் பெரும்பாலும் ஒரே காலில் வரும். இது பெரும்பாலும் இரண்டிலும் வரும்.

காரணங்களில் முதல் இடம் தீவனத்துக்கு. கட்டவிழ்ந்த குதிரை மக்காச்சோள மூட்டையிலோ கம்பு மூட்டையிலோ வாய் வைத்து வயிறு நிறையத் தின்றுவிடும். குதிரை நன்றாகத்தான் இருக்கிறது என்று நாமும் விட்டுவிடுவோம். ஒன்றிரண்டு நாளில் கால் விழும். மூட்டையில் வாய் வைத்தது தெரிந்த நிமிஷமே மருத்துவரைக் கூப்பிடுங்கள், நொண்டும்வரை பார்க்காதீர்கள். நாமக்கல், பல்லடம் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை: கோழித்தீவனம் குதிரைக்குக் கிட்டவே போகக் கூடாது. கோழியின் ரத்தக்கழிச்சலுக்கு எதிராக அதில் கலக்கும் மோனென்சின் போன்ற மருந்து குதிரையின் இதயத்தைச் சிதைத்துக் கொல்லும், கொஞ்சமே தின்றாலும்.

குட்டி போட்ட பெண்குதிரைக்கு இளங்கொடி (நஞ்சுக்கொடி) 3 மணி நேரத்துக்குள் விழ வேண்டும். விழாமல் உள்ளே தங்கினாலும் லேமினைட்டிஸ் வரும். உடம்பு பெருத்து, கழுத்து மேட்டில் கொழுப்புக் கட்டிய குதிரைக்கும், தார் ரோட்டில் வெகுதூரம் ஓட்டப்படும் குதிரைக்கும், ஒரு காலில் காயம் பட்டு மறுகாலிலேயே வாரக்கணக்கில் நிற்கும் குதிரைக்கும் வரலாம்.

மருத்துவர் வரும்வரை: நடக்க விடாதீர்கள். நடந்தால் ரத்தம் ஓடிச் சரியாகிவிடும் என்று சொல்வார்கள், அது பிடிப்பு விட்ட மடிப்பைக் கிழிப்பது. தானியம் முழுவதையும் நிறுத்துங்கள். காய்ந்த சோளத்தட்டும் தண்ணீரும் போதும். ஐஸ் கம்பெனியிலிருந்து ஐஸ் பார் வாங்கி உடைத்து, கணுக்காலுக்கு மேல் வரை முங்கும்படி ஐஸ் தண்ணீரில் குளம்புகளை வையுங்கள். தானியம் தின்றோ இளங்கொடி தங்கியோ வரும் லேமினைட்டிஸில், முதல் இரண்டு மூன்று நாள் விடாமல் குளிர்ச்சி கொடுப்பது பலன் தரும். அரை மணி வைத்துவிட்டு எடுப்பதால் பயனில்லை. பிறகு அடியில் ஆழமாக மணல் பரப்புங்கள். மணல் உள்ளங்குளம்பின் குழியில் ஏறி எலும்பைத் தாங்கும், குதிரை தனக்கு வசதியான கோணத்தில் குளம்பை வைத்துக்கொள்ளும்.

லாடக்காரரின் வேலை எக்ஸ்ரேவுக்குப் பிறகுதான். எலும்பு எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று பார்த்து, முனையைப் பின்வாங்கச் சீவி, ஃப்ராக்கின் மேல் பாரம் விழும்படி தாங்கல் வைப்பார். ஃப்ராக்கைத் தாங்கும் இதய வடிவ லாடம் ஒன்று உண்டு. அதைக் கைதேர்ந்தவர் மட்டுமே போட வேண்டும், ஃப்ராக்கை அதிகமாக அழுத்திவிட்டால் இருப்பதும் கெடும். புதுச் சுவர் சரியான பிடிப்போடு வளர்ந்து இறங்க ஒரு வருஷம். அதுவரை நாலைந்து வாரத்துக்கு ஒருமுறை அவர் வர வேண்டும், இரண்டு மூன்று முறைக்கு ஒருமுறையாவது எக்ஸ்ரே.

அந்தியூர்ச் சந்தையில்

ஆடியில் குருநாதசாமி கோயில் நோம்பிக்கு அந்தியூரில் கூடும் குதிரைச் சந்தைக்குப் போகிறவர்கள் சுழி பார்ப்பார்கள், பல்லைப் பிடித்து வயது பார்ப்பார்கள், காதின் வளைவைப் பார்த்து மார்வாரி இனமா காத்தியவாரி இனமா என்று பேசுவார்கள். நான்கு காலையும் தூக்கிப் பார்ப்பவர் குறைவு. அட்வான்ஸ் கொடுக்கும் முன் நான்கையும் தூக்கச் சொல்லுங்கள். குளம்பில் எண்ணெயோ கறுப்பு மையோ புதிதாகப் பூசியிருந்தால் துணியால் துடைத்துப் பாருங்கள், பிளவை அது மறைக்கும். முன்சுவரில் குறுக்காக ஓடும் வளையங்கள் குதிப்பக்கம் அகலமாகவும் முன்பக்கம் நெருக்கமாகவும் இருந்தால் அந்தக் குதிரைக்கு லேமினைட்டிஸ் வந்துபோயிருக்கலாம். இரண்டு முன்குளம்புகளும் ஒரே அளவா என்று முன்னால் குனிந்து பாருங்கள்.

சந்தை மைதானத்தின் மெத்தென்ற மண்ணில் எல்லாக் குதிரையும் நன்றாகத்தான் நடக்கும். ரோட்டுக்குக் கூட்டி வந்து, கயிற்றைத் தளர்வாகப் பிடித்து, தலையைத் தூக்கிப் பிடிக்காமல் ஓட்டச் சொல்லுங்கள். முன்னங்காலில் வலி இருக்கும் குதிரை, வலிக்கும் கால் தரையில் படும்போது தலையை மேலே தூக்கும். காதாலும் கேளுங்கள், நாலு குளம்பின் சத்தமும் ஒரே தாளத்தில் விழ வேண்டும். விற்பவர் ரோட்டுக்கு வர மாட்டேன் என்றால், அடுத்த குதிரையைப் பாருங்கள்.